முடிச்சில்லாமல் தொடங்குவது

லுணுகலை, கீழ்ப்பிரிவு
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் கம்சலாவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல மேனுஷா எழுதுகிறேன். "மொத வரி நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அப்பா கூரையைப் பார்த்து யோசிக்கிறார். யோசிக்கும்போது அவருடைய வலது கை தானாகச் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குப் போய் அதை இழுத்துப் பார்க்கிறது. பிறகு விட்டுவிடுகிறது. திரும்பவும் போகிறது. இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததும் நான் முதலில் கவனித்தது அதைத்தான். பொத்தானைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். இப்போது அப்பா சொல்வது: இங்கே நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், மழை விட்டுவிட்டது, நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று சேதி வந்தால் எங்கள் சுகம் இரண்டு மடங்கு ஆகும்.

மேலும் அப்பா எழுதச் சொல்வது. நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு கண்டு, நாங்கள் ஒன்பது நாள் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் தங்கியதை அம்மா போனில் சொல்லியிருப்பாள், அதை நினைத்து நீ பயந்துகொண்டிருக்காதே, அதிகாரிகள் வந்து பார்த்து, இப்போதைக்குப் போகலாம் என்றார்கள், வந்துவிட்டோம். வெடிப்புக்கு மேலே தார்ப்பாய் விரித்துக் கல் வைத்திருக்கிறது. லீக்ஸ் பாத்தி முழுதும் அழுகிவிட்டது, மாடு மட்டும் கன்று போட்டிருக்கிறது, பெண் கன்று, நெற்றியில் வெள்ளை. அம்மாவின் முழங்கால் குளிருக்கு வலிக்கிறது, ஆனால் மலையேறுவதை விட்டதில்லை. நீ கார்மென்ட்ஸில் ஓவர்டைம் ஓவர்டைம் என்று கையைக் கெடுத்துக்கொள்ளாதே. மணிக்கட்டு வீங்கினால் உடனே மருந்துக்குப் போ, வீங்கவில்லை என்று சூப்பர்வைசரிடம் வீரம் காட்டாதே. ஈரத் தலையோடு படுக்காதே. ஜோர்தானில் பனி கொட்டுகிறது என்று லீவில் வந்திருக்கிற ரோசாலி சொன்னாள், இரண்டு காலுறை போடு. அப்புறம் தங்கச்சி விஷயம், அதாவது என் விஷயம். "தங்கச்சிக்கு மாசியோட பதினெட்டு முடியுது, தோட்டத்து ஆபீசுல பேசிட்டேன், பேரு பதிஞ்சிருவாங்க, அம்மாவோட சேந்து காலையில பெரட்டுக்குப் போயி கொழுந்து கிள்ளுனா அவளுக்கும் ஒரு வழி, வீட்டுக்கும் ஒரு பேரு இருக்கும்னு எழுது." எழுதிவிட்டேன் அக்கா. அப்பா சொன்னபடியே எழுதினேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை.

இப்போது அப்பா கன்றுக்காரிக்குப் புல் அறுக்கப் போய்விட்டார். போகும்போது வாசலில் நின்று, "மிச்சப் பக்கத்துல ஒன் அக்காவுக்கு நீயும் எதாச்சும் எழுது, போனுலதான் ம்-முங்கிறதத் தவிர ஒன் வாயில ஒண்ணும் வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மைதான். சிக்னல் கிடைக்கிற வளைவில் நின்றால் பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், அவர்கள் காதில் விழ எனக்கு எப்படிப் பேச்சு வரும்? லீவு முடிந்து நாளைக்குப் பறக்கிற ரோசாலி அக்கா இன்று பகல் பஸ்ஸுக்குக் கொழும்புக்குப் போகிறாள். அவள் வந்து பார்சலை எடுப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும். எனக்குச் சொல்ல இவ்வளவு இருக்கிறது என்று நீ நம்பமாட்டாய். கை வேகமாக ஓடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் தைக்கப் பழகிவிட்டேன் அக்கா! மெஷினில் இல்லை, கையால். நீ ஜோர்தானுக்குப் போன அதே மாதம் அம்மா வழுக்கி விழுந்து, நான் பத்தாம் வகுப்போடு நின்றேன் அல்லவா, அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூட வாசலைக்கூட நான் மிதிக்கவில்லை. யாராவது டீச்சர் ஏன் வரவில்லை என்று கேட்டுவிடுவார்களோ என்று சுற்றுவழியில் போவேன். இந்த மழையில் பாய் தலையணையோடு அதே மண்டபத்துக்குப் போக வேண்டி வந்தது. ஒன்பது நாள், நாற்பது குடும்பம், செய்ய ஒரு வேலையும் இல்லை. அப்பாவின் சட்டையில் இரண்டாவது பொத்தான் அறுந்து தொங்கியது. அம்மாவின் பையில் நூல்கட்டையில் குத்தி ஒரு ஊசி இருந்தது. சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது நான் எடுத்துத் தைத்தேன். வெறுமனே குத்தி இழுக்காமல், முதலில் மற்றப் பொத்தானைத் திருப்பி அது எப்படி நிற்கிறது என்று பார்த்தேன். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே நூலைச் சுற்றி ஒரு சின்னக் கழுத்து இருந்தது. அப்படியே நானும் சுற்றினேன். சாயங்காலம் அப்பா சட்டையைப் போட்டுப் பொத்தானை இழுத்துப் பார்த்து, "வடிவு, ஒன் கைப் பொத்தான் ஒரு வாரம் தாங்காதே, இது என்ன கல்லு மாதிரி நிக்குது" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன், அம்மா சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள். அன்றைக்கிலிருந்து அப்பா அந்தப் பொத்தானை இழுத்து இழுத்துப் பார்க்கிறார். அது வரமாட்டேன் என்கிறது!

அதற்குப் பிறகு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. சொல்லித்தர ஆள் இல்லை, அதனால் பிரித்துப் பார்த்துத்தான் பழகினேன். பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்தேன், ஒவ்வொரு ஓட்டையிலும் நூல் எந்தப் பக்கமாக வந்தது என்று பார்த்து, அதே ஓட்டைகளில் திரும்பத் தைத்தேன். நூலை நேராக ஓட்டிக்கொண்டு போவது ஒன்று. ஒரு எட்டுப் பின்னால் வந்து இரண்டு எட்டு முன்னால் போவது இன்னொன்று, அதுதான் உரமான தையல். துணிக்கரையை மடித்து வெளியே தெரியாமல் பிடிப்பது மூன்றாவது, அதுதான் கஷ்டம், அதுதான் எனக்கு ஆசை. நீ அனுப்பிய நீலச் சட்டையைப் பிரிக்கவில்லை, பயப்படாதே, கழுத்துப்பட்டியை மட்டும் வெளிச்சத்தில் பிடித்து எண்ணிப் பார்த்தேன், ஒரு விரல் அகலத்துக்குப் பன்னிரண்டு தையல். இது நீ தைத்ததாக இருக்குமோ என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது என் கண்ணே மாறிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டரின் சட்டைப்பை ஓரம், குடைத்துணி கம்பியில் பிடித்திருக்கிற இடம், மாவுச் சாக்கின் வாய், எல்லாம் எப்படித் தைத்திருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். கோயிலில் போன வெள்ளிக்கிழமை சாமியைக் கும்பிடாமல் சாமிக்குச் சாத்திய துணியின் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பூசாரி திருநீற்றை நீட்டி நீட்டிக் கை வலித்திருப்பார்.

அம்மாவுக்கு ஒன்று செய்ய வேண்டும் என்று, தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுத்துகிற இடத்துக்கு ஒரு மெத்தை தைத்தேன். அம்மா எப்போதும் துவாயை நாலாக மடித்து வைப்பாள், அது நழுவும். நான் அப்பா கட்டிக் கிழிந்த சாரத்தில் ஆறு துண்டு வெட்டி அடுக்கி, மேலே சிவப்புத் துணி போட்டு, நெருக்கமாக நூல் ஓட்டி, நடுவில் ஒரு மஞ்சள் பூவும் போட்டேன். நூல் முடிகிற இடத்திலெல்லாம் நல்ல கெட்டி முடிச்சு. நம் லயத்தில் எதுவும் முடிச்சில்தானே நிற்கிறது, மாடு, மூட்டை, கூடை, கூரைமேல் தார்ப்பாய், எல்லாம். அதனால் முடிச்சு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பலம் என்று நினைத்தேன். பதினொரு முடிச்சு. அம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலம் மாதிரி மலைக்குப் போனாள். பத்து மணித் தேத்தண்ணிக்குள் தலை கொதித்துவிட்டது. கூடை நிறைய நிறைய, கயிறு அழுத்த அழுத்த, பதினொரு முடிச்சும் ஒவ்வொன்றாக மண்டையில் இறங்கியிருக்கிறது. அம்மா மெத்தையைக் கழற்றித் தலையைத் தேய்த்ததைப் பார்த்து அந்த நிரையில் கொழுந்து கிள்ளிய பெண்கள், "ஏன்டி வடிவு, ஒன் மக தலையில வெதை போட்டு அனுப்பிச்சிருக்காளா, தண்ணி ஊத்து, நாளைக்கு மொளைச்சிரும்" என்று சொல்லிச் சிரித்தார்களாம். இன்னொருத்தி, "மொளைச்சா நல்லதுதான், கொழுந்து கிள்ள மலை ஏற வேணாம், தலையிலேயே கிள்ளிக்கலாம்" என்றாளாம். அம்மா எனக்குக் கோபம் வராமல் இருக்க அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள், ஆனால் சீப்புப் பட்டதும் ஆ என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுதுவிட்டு அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்தேன். திரும்ப நீலச் சட்டையின் உள்பக்கம், அம்மாவின் கலியாணச் சேலையின் உள்கரை, எல்லாவற்றையும் தேடிப் பார்த்தேன். நல்ல தையலில் எங்கேயும் கட்டியாக முடிச்சு இல்லை. சேலைக்கரையில் நூல் தொடங்குகிற இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சின்னக் குத்து, அவ்வளவுதான், அதுவே பிடித்துக்கொண்டிருக்கிறது. இருபத்தைந்து வருஷமாகப் பிடித்திருக்கிறது! அப்படியே செய்து பார்த்தேன். முடிச்சில்லாமல் தொடங்கும்போது நூல் கையோடு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கும், வராது. முடிக்கிற இடத்திலும் அதேபோல மூன்று குத்து, மிச்ச நூலைத் துணிக்குள்ளே விட்டு வெட்டிவிட வேண்டும். இரண்டாவது மெத்தை ஒரு மாதமாக அம்மாவின் தலையில் இருக்கிறது. சிரித்த அந்த நிரையில் ஐந்து பேர் இப்போது ஆளுக்கொரு சாரத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். லுணுகலை டவுனில் புதிதாகத் தையல்கடை போட்டிருக்கிற பலீலா அக்கா கடைக் கண்ணாடியில், கைத்தையலுக்குப் பெண் வேண்டும் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார். அம்மா கருவாடு வாங்கி முடிப்பதற்குள் நான் அதை நாலுதரம் வாசித்துவிட்டேன். அடுத்த வாரம், நான் தைத்த மெத்தை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போய், கடை வாசலில் சட்டை போட்ட பொம்மைக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, பலீலா அக்கா உள்ளேயிருந்து, "தங்கச்சி, வேலைக்கு வந்தீங்களா, இல்லாட்டி அந்தப் பொம்மைக்குத் தொணைக்கு வந்தீங்களா?" என்றார். எனக்குக் காது சுட்டது. பேச்சு வராமல் மெத்தையை எடுத்து மேசையில் வைத்தேன். அக்கா, அவர் பூவைப் பார்க்கவே இல்லை! எடுத்ததும் திருப்பி, பின்பக்கத்தைத்தான் பார்த்தார், கட்டைவிரலால் தடவினார். "முடிச்சு எங்க?" என்றார். "இல்ல" என்றேன். அந்த ஒரு சொல்தான் அன்றைக்கு நான் பேசியது. "பேச்சு வராட்டி பரவாயில்ல, அது என்கிட்ட தாராளமா இருக்கு, வாறவங்களோட நான் பேசிக்கிறன்" என்று சொல்லி ஒரு சேலையைக் கையில் கொடுத்தார்.

சேலையின் கீழ்க்கரை தரையில் உரசிக் கிழியாமல் இருக்க உள்ளே ஒரு பட்டித்துணி வைத்துப் பிடிப்பார்களே, போல்ஸ் என்று, அதைத் தைக்க வேண்டும். வெளியே ஒரு புள்ளியும் தெரியக்கூடாது. முதல்நாள் வீட்டில் மடியில் வைத்து ஒரு முழம் அழகாகத் தைத்துவிட்டு எழுந்தேன், சேலை என்னோடு எழுந்து வந்தது, என் பாவாடையையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரித்துவிட்டு, மடியில் அரிசித் தட்டைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் தைத்தேன். துணியில் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசி நுனியால் தொட்டு எடுக்க வேண்டும், இரண்டு இழை எடுத்தால் வெளியே தெரிந்துவிடும். மூன்று நாள் ஆயிற்று. கொண்டுபோய்க் கொடுத்தேன், பலீலா அக்கா வெளிப்பக்கத்தை வெயிலில் பிடித்து இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புவரை பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, இன்னும் தைக்கவே இல்லையே?" என்றார். நான் பயந்துபோய்ச் சேலையைத் திருப்பிக் காட்டப்போனேன், அவர் சிரிக்கிறார்! எனக்குப் பாட்டுப் பாட வேண்டும்போல் இருந்தது, பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே முகத்தை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தேன்.

மாசி முதல் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார். நாளை திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிபிலையிலிருந்து கேட்டிருக்கிற வேறொரு பெண்ணை எடுத்துவிடுவார். அம்மாவுக்குத் தெரியும். அம்மா சொன்னது, "நான் இன்னும் ஆறு வருசம் மலைக்குப் போவேன், அதுவரைக்கும் வீட்ட ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஆனா ஒங்கப்பாகிட்ட நீதான் கேக்கணும், நான் கேட்டா அது என் ஆசைன்னு நெனச்சிருவாரு." அப்பாவின் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. தோட்டப் பதிவில் பேர் இல்லாத குடும்பத்தை லயத்தை விட்டு எழுப்பியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. மலைக்குப் போவது எனக்குக் கேவலம் இல்லை அக்கா, அம்மா போகிற மலை. ஆனால் ஊசியைப் பிடிக்கும்போது நான் யாருக்கும் ஒளியவில்லை, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இதற்கு மேலே மூன்று வரியை வெட்டியிருக்கிறேன், மை பூசியிருக்கிறது, பார்த்துக் குழம்பாதே. அப்பாவிடம் நீ போனில் பேசு, நீ சொன்னால் கேட்பார் என்று எழுதியிருந்தேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது திங்கட்கிழமை போய்விட்டிருக்கும். அதற்காக மட்டும் வெட்டவில்லை.

வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். எந்தக் காகிதமானாலும் முழுதும் வாசித்துக் காட்டினால்தான் அப்பா கையெழுத்து வைப்பார், அதுவும் தனக்குச் சம்மதமாக இருந்தால்தான். மரண உதவிச் சங்கத்துக் கூட்டக் குறிப்பில் அவர் சொல்லாத ஒரு வார்த்தையை எழுதியிருந்தார்கள் என்று இரண்டு மாதம் கையெழுத்து வைக்காமல் அவர்களை அலையவைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? இந்த நாலு பக்கத்தில் முதல் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு ஆசீர்வாதத்துக்குத் தாவினால் அப்பாவுக்குத் தெரியாது. அப்படிச் செய்யலாம் என்று நினைத்துத்தான் எழுதவே தொடங்கினேன்.

பார்சலில் உறைக்கிற கொச்சிக்காய்த் தூள், கருவாட்டுச் சம்பல், அம்மா வறுத்த மல்லி இருக்கிறது. சம்பல் போத்தலை நிமிர்த்தி வை, எண்ணெய் ஒழுகும். மேலே இருக்கிற பச்சைத் துணிப்பை நான் தைத்தது, கட்டில் கம்பியில் தொங்கவிட்டுப் போனும் கண்ணாடியும் வைத்துக்கொள். முதலில் அதை உள்பக்கம் திருப்பிப் பார், முடிச்சு ஒன்று கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லு. தூள் தீர்ந்ததும் வெற்று டப்பாவை ரோசாலி அக்காவிடமே திருப்பிக் கொடு, அது அவளுடைய டப்பா. பார்சல் கிடைத்ததும் மறக்காமல் ஒரு சேதி போடு.

அப்பா போகும் முன்பே கடைசியில் எழுதச் சொன்னது: நம் மாரியம்மா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள், நீ தொட்ட வேலை சுகமாக முடியட்டும், போன கால் நோகாமல் வீடு திரும்பி வா.

அப்பா வந்துவிட்டார். புல்லுக்கட்டை இறக்கிவிட்டுக் கை கழுவுகிறார். அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்க்கிறாள். ரோசாலி அக்காவின் குரல் கீழ்ப் படியில் கேட்கிறது. "எழுதிட்டியா, வாசி பாப்போம்" என்று சொல்லி அப்பா பலகையில் உட்கார்ந்து, கையைப் பொத்தானுக்குக் கொண்டுபோகிறார்.

முதல் வரியிலிருந்து ஒன்றும் விடாமல் வாசித்தேன். வெட்டிய மூன்று வரியில் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். கையெழுத்துக்குப் பேனாவை அப்பாவிடம் நீட்டினேன்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரான அப்பா,
வைரவநாதன்